இன்னொரு சுற்று வேண்டாம், இறங்குங்கள்

சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் வந்துபோனவர்களிடையே ஒரு கருத்து வேர்விட்டு வருகிறது. விடுமுறை நாள் மிச்சமிருந்தால் கப்பலை விட்டு இறங்காதே, அடுத்த சுற்றுக்கும் சேர்த்தே சீட்டு எடுத்துவிடு என்பது அந்தக் கருத்து. அதே அறை, அதே கட்டில். பெட்டியைப் பிரித்துக் கட்டும் வேலை இல்லை. சாப்பாடு கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். தரையில் தங்கப்போனால் வாகனம் பேச வேண்டும், விடுதி தேட வேண்டும், தெரியாத ஊரில் அலைய வேண்டும். பயண முகவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். உலகெங்கும் உல்லாசக் கப்பல் ஏறிப் பழகியவர்கள் இதை வேதவாக்காகவே வைத்திருக்கிறார்கள்.

நான் இதை மறுக்கிறேன். எல்லாத் தீவுக்கும் சேர்த்து மறுக்கவில்லை. இலங்கையைப் பொறுத்தமட்டில், அதுவும் தமிழ் பேசும் பயணியைப் பொறுத்தமட்டில், இந்த யோசனை முழுத் தவறு. மிச்சமிருக்கும் நாளைத் தரைக்குக் கொடுங்கள். தரை என்றால் கடற்கரை விடுதியை நினைக்க வேண்டாம், மலைக்கு ஏறுங்கள். நான் மனதில் வைத்திருக்கும் மலை மாத்தளை மாவட்டத்து எல்கடுவ.

முதலில் கப்பலைப் பற்றி நியாயமாகப் பேசிவிட வேண்டும். 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் இலங்கை நோக்கிப் புறப்பட்டது. 1990இல் ‘நோர்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ரோயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைத் தொட்டுச் சென்னைக்குத் திரும்பும் பயணம். அந்த ஜூன் மாத நடுவில் அது காங்கேசன்துறைக்கு வந்தபோது வடக்கில் பலர் மகிழ்ந்தார்கள். போர்க்காலத்தில் நெடுநாள் மக்களுக்கு மூடிக் கிடந்த கரையில் ஒரு பயணிகள் கப்பல் வந்து நிற்பது சிறிய விடயம் அல்ல. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. கப்பல் வரட்டும், இன்னும் நிறைய வரட்டும். அதே கப்பலில் அதே வட்டத்தை மறுபடியும் போய்வந்தால் இலங்கையை இன்னும் கொஞ்சம் பார்த்ததாகிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் என் சண்டை.

ஏனென்றால் வட்டம் மாறுவதில்லை. காலையில் துறைமுகம். பேருந்தில் ஏற்றிக் கோணேசர் கோயில், இல்லையென்றால் நல்லூரும் யாழ்ப்பாணக் கோட்டையும். மாலையில் கப்பல் கிளம்புவதற்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டாம் சுற்றிலும் இதே வரிசை, இதே நேரக் கணக்கு, மேடையில் இதே ஆட்டம் பாட்டம். ‘அடுத்தடுத்து இரண்டு பயணம்’ என்ற பழக்கம் கரீபியன் கடலில் வளர்ந்தது. புளோரிடாவிலிருந்து கிளம்பும் பல கப்பல்கள் ஒரு வாரம் கிழக்குத் தீவுகளுக்கும் மறுவாரம் மேற்குத் தீவுகளுக்கும் மாறிமாறிப் போகும். அங்கே இரண்டாவது சீட்டு வேறு தீவுகளைக் காட்டும், அதனால் அதில் அர்த்தம் உண்டு. ஆனால் அந்த அமெரிக்காவிலேயே, 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டத்தின்படி, ஒரே கப்பலில் இறங்காமல் தொடரும் இரண்டு சுற்றையும் ஒரே பயணமாகத்தான் கணக்கெடுக்கிறார்கள். அதனால் இரண்டு சீட்டும் தனித்தனியே சரியாக இருந்தும், சேர்த்துப் பார்க்கையில் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்குவதாக ஆகிவிட்டால், இடையில் தொலைவான வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையும் தொடாத பயணத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். சீட்டு இரண்டானாலும் பயணம் ஒன்றுதான் என்று சட்டமே சொல்கிறது.

சுற்று முடிகிற நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மற்றப் பயணிகள் பெட்டியோடு இறங்கிப் போன பிறகு, தொடர்ந்து வருகிறவர்களை ஒரு கூடத்தில் உட்கார வைப்பார்கள். பெயர் கூப்பிட்டு வரிசையாக அழைத்துப் போய், குடிவரவு மேசையைக் கடக்க வைத்து, முத்திரை விழுந்ததும் அதே ஏணியில் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து, மறுபடியும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போவது போன்ற காரியம் இது.

‘மலைநாட்டை ஒரு பகலில் பார்த்துவிடலாமே, கப்பலிலேயே அதற்கும் ஒரு பயணம் விற்கிறார்களே’ என்பார்கள். கொழும்பில் கப்பல் நின்றால் கண்டிக்கு 115 கிலோமீற்றர். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதற்கும் மேல். தலதா மாளிகை வாசலில் கொஞ்ச நேரம், ஒரு மாணிக்கக் கடை, வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்று, கொழுந்துக் கூடை மாட்டிய ஒரு பெண்ணோடு ஒரு படம். கப்பல் காத்திராது என்ற பயம் நாள் முழுக்கக் கழுத்தைப் பிடித்திருக்கும். திருகோணமலையிலிருந்து மலைக்கு ஏறித் திரும்புவது அதைவிடக் கடினம். எங்கள் மக்களைப் பார்த்துவிட்டோம் என்று இந்தப் பகல் பயணத்தை வைத்துச் சொல்லிக்கொள்கிறவர்கள் மீது எனக்கு வருத்தம்தான் வருகிறது.

எங்கள் மக்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த வாதத்தின் அடிமரம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த மிகப் பெரிய கடற்பயணம் எது? 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் பிடித்து வந்த பயணம். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் என்று பல சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து, கடலோரத்தில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கினார்கள். கடல் அந்தப் பயணத்தின் சின்னப் பகுதி. பெரிய பகுதி கரையிலிருந்துதான் தொடங்கியது. வறண்ட காடு, குடிக்கத் தண்ணீர் இல்லாத வழி, வாந்திபேதி, மலேரியா, காட்டு மிருகம். விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று தெற்கே இறங்கிய அந்த நடை வந்து சேர்ந்த இடம் மாத்தளை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கதை அந்த வழிநடையோடு பின்னியது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அங்கிருந்துதான் மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். எல்கடுவயும் அப்படிப் பிரிந்து போன ஒரு திசை.

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். அதன் பிறகு மண்டபம் முகாமில் அடைத்து வைத்து நோய் பார்த்து அனுப்புவது வந்தது. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். திரும்பிப் போனவர்களைத் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஏற்றிப்போனது ‘இராமானுஜம்’ என்ற கப்பல். தோட்டத்துப் பழைய ஆட்களிடம் கப்பல் என்று சொன்னால் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். அழுகையோடுதான் வரும்.

இப்போது 2023க்கு வாருங்கள். ஜூனில் எம்ப்ரஸ் இந்தத் தீவின் கரையைச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுமாதம் 28ஆம் திகதி, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் கிளம்பியது. மூதாதையர் நடந்த வழியிலேயே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் முஸ்லிம் ஊர்களும் சிங்கள ஊர்களும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து வரவேற்றன. காணி வேண்டும், நியாயமான சம்பளம் வேண்டும், சமமான குடிமக்களாக நடத்த வேண்டும் என்பவை அவர்களது கோரிக்கைகள். ஒரே பருவத்தில் நடந்த இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பலில் இருந்த தமிழர் எத்தனை பேருக்கு இந்த நடையைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கும்? தம் சொந்த மாவட்டத்திலிருந்து கிளம்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கரையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள் என்ற செய்தி எந்தச் சுற்றுலாத் தாளில் அச்சாகியிருந்தது?

நடைபயணம் முடிந்து சில நாட்கள்தான் போயிருக்கும். எல்கடுவ என்ற பெயர் நாடெங்கும் செய்தியில் அடிபட்டது. அங்குள்ள ரத்வத்தை தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், இருக்க இடம் போதாமல் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து வந்து அடித்து உடைத்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. தகரமும் பலகையும் சரிவதையும் பெண்கள் கதறுவதையும் நாடே பார்த்தது. அமைச்சர் வந்தார், நாடாளுமன்றத்தில் பேசினார்கள். இருநூறு ஆண்டு உழைத்த மண்ணில் ஒரு குடிசை போட உரிமை இல்லை என்பதை அன்றைக்கு எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

இதைச் சொன்னதும் இரண்டாவது கூட்டம் ஒன்று எழுந்து நிற்கும். ‘சரி, கப்பலை விட்டு இறங்குகிறோம். மலையில் பழைய துரை பங்களாக்கள் அழகான தங்குமிடங்களாகிவிட்டன. இரண்டு இரவு தங்கினால் உள்ளூர் மக்களுக்கும் பிழைப்பு’ என்பார்கள். முதல் கூட்டத்தை மறுத்ததைவிடக் கடுமையாக இவர்களை மறுக்க வேண்டியிருக்கிறது. பங்களாவில் தங்குவது குற்றம் அல்ல. அங்கே சமையற்கட்டிலும் தோட்ட வேலையிலும் எங்கள் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், அந்தச் சம்பளம் வேண்டும்தான். ஆனால் ‘உள்ளூர் மக்களுக்குப் பிழைப்பு’ என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும்? கடலோர ஊர்களில் ஒரு குடும்பம் தன் வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி, வெள்ளையடித்து, பயணிக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம். காலியிலும் அறுகம்பேயிலும் எத்தனையோ பேர் அப்படித்தான் மேலே வந்தார்கள். தோட்டத்தில் அது நடக்காது. லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டு அறைக்கு, உறுதிப் பத்திரம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தாலும் அது நிர்வாகத்தின் கட்டடம். கூரையை மாற்றவும் கேட்க வேண்டும், பக்கத்தில் ஒரு குசினி இறக்கவும் கேட்க வேண்டும். விருந்தாளியைக் காசு வாங்கித் தங்கவைப்பது எங்கே? ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்த கொஞ்சப் பேர்தான் அதை யோசித்தாவது பார்க்க முடியும். சுற்றுலா வந்தால் மக்கள் தாமாக முன்னேறுவார்கள் என்கிறவர்கள் இந்த உறுதிப் பத்திரத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்தப் பங்களாக்களில் சில இடங்களில் விற்கப்படுவது துரைக் காலத்து வாழ்க்கை. வெள்ளி மூடி போட்ட பாத்திரம், மாலை நேரத் தேநீர், சீருடை போட்ட அப்பு. அந்தத் துரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரின் பேரன் இன்று அதே வராந்தாவில் தட்டை நீட்டுகிறான் என்பதை அறியாமல் தமிழ்ப் பயணி ஒருவர் அதை ரசித்துவிட்டுப் போகக் கூடாது. மற்றவர் ரசிக்கட்டும், நம்மால் முடியாது.

அப்படியானால் எல்கடுவக்கு வந்து என்ன செய்வது? மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக ஒரு பாதை ஏறுகிறது, கண்டிப் பக்கமிருந்து வத்தேகம வழியாக இன்னொன்று. இரண்டுமே வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய பாதைதான். ஏறும்போது முதலில் கிராமத்துத் தோட்டங்கள், மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய். பிறகு தேயிலை. மேலே ஹுன்னஸ்கிரி மலை. அதற்கு அப்பால் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடர். ஹுனஸ் நீர்வீழ்ச்சியைப் பார்க்க எல்லோரும் வருவார்கள், நீங்களும் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

மற்ற நேரத்தில் தோட்டத்துப் பாதையில் நடங்கள். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் தராசுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, கொழுந்தைக் கொட்டி, முத்தல் இலையைப் பொறுக்கி எறிவார்கள். சாக்கில் அடைத்ததைத் தூக்கி மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, ஈரத்துக்கும் சாக்குக்கும் இத்தனை கிலோ என்று கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவார். அந்தக் கழிவில்தான் சண்டை வரும். நாளுக்குச் சொன்ன கிலோ வராவிட்டால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழாது, அரைப்பேர்தான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக இழுத்து 2021இல்தான் பலன் தந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கப்பலின் சாப்பாட்டு மேசையில் தட்டு தட்டாக வைத்திருக்கும் தேநீர்ப் பைகளுக்குப் பின்னால் இந்தத் தராசு நிற்கிறது. அதை ஒரு பகல் பயணத்தில் காட்ட மாட்டார்கள், காட்ட நேரமும் இராது.

படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். லயத்துக்குள் அழைத்தால் மட்டும் போங்கள். அழைப்பார்கள். உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்பார்கள். நீங்கள் முசிறி என்றோ துறையூர் என்றோ சொன்னால், எங்கள் அப்பாயி சொல்லும் ஊர் அது என்று ஒரு வயதானவர் எழுந்து வருவார். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத் தேநீரும் வரும். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதனால் காசைக் கொடுக்க வேறு இடம் பாருங்கள். டவுனில் தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, அவர்களின் முச்சக்கர வண்டி, வழிகாட்டியாகக் கூட நடக்கும் இளைஞன், தனிவீடு கிடைத்து அறை விடத் தொடங்கியவர்கள். பங்களா முகவரிடம் முழுத் தொகையையும் சென்னையிலேயே கட்டிவிட்டு வந்தால் இவர்கள் யாருக்கும் ஒன்றும் எஞ்சாது.

வயதானவர்களை வைத்துக்கொண்டு மலையேற முடியுமா என்று கேட்கிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்குக் கப்பல் அறையும் மின்தூக்கியும் நல்ல ஏற்பாடுதான், அவர்கள் இரண்டு சுற்று போகட்டும். மலை ஆபத்து என்கிறவர்களுக்குப் பதில் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாத்தளையும் கண்டியும் பதுளையும் நுவரெலியாவும் மண்சரிவில் நிலைகுலைந்தன. வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கத்தை நேராக அடிக்கும் என்பதால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை சுற்றுலாவாக ஏற வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் சென்னைக் கப்பல்கள் இலங்கைக்கு அதிகம் வருவது ஆண்டின் நடு மாதங்களில்தான், அப்போது இந்தப் பாதை திறந்து கிடக்கும். ஒரு புயலைக் காட்டி மலையை நிரந்தரமாகத் தள்ளி வைப்பது, அந்தச் சரிவுகளிலேயே குடியிருந்து தீரவேண்டியவர்களை இரண்டாம் முறை கைவிடுவது.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் கடைசியில்தான் வருகிறது. கப்பல் இறங்க விட்டால்தானே? சென்னையில் ஏறியவர் சென்னையில்தான் இறங்க வேண்டும் என்பது இவ்வகைச் சுற்றுப் பயணங்களின் பொது விதி. நடுத் துறைமுகத்தில் பெட்டியோடு இறங்குவதை நிறுவனங்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. அதனால்தான் மிச்ச நாளுக்கு இன்னொரு சுற்று என்பது ஒன்றே வழிபோலத் தெரிகிறது. உண்மையில் இன்றைக்கே வேறு வழி இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளிலேயே நின்றுபோய், 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் வந்தது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நான்கு மணி நேரத்தில் அக்கரை. உல்லாசக் கப்பலின் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டு, இரண்டாம் சுற்றுக்கு வைத்திருந்த பணத்தில் இதில் ஏறலாம். காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம், அங்கிருந்து ஏ9 வீதி. வவுனியா தாண்டி மதவாச்சியில் மன்னார் வீதி வந்து சேரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பழைய நடைவழி உங்கள் வீதியோடு கலப்பது அங்கேதான். அதற்குப் பிறகு தம்புள்ளை, நாவுல, மாத்தளை என்று அதே வீதி நேராகக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆனாலும் உல்லாசக் கப்பல் நிறுவனங்களை இப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே சீட்டு எடுத்து, ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று போன காலம் இருந்தது. அந்த மாதிரி ஒரு சீட்டு மறுபடியும் வேண்டும். முதல் வாரம் திருகோணமலையிலோ காங்கேசன்துறையிலோ முறைப்படி நுழைவு அனுமதியோடு இறங்கி, உள்ளே தங்கிவிட்டு, மறுவாரம் அதே கப்பல் வரும்போது ஏறிக்கொள்ளும் சீட்டு. இரண்டு சுற்றுக்கும் பயணி பணம் கட்டுகிறார், இடையில் அறை காலியாக இருக்கும் இரவுகளுக்கு ஒரு கழிவு கொடுத்தால் போதும், நிறுவனத்துக்கும் நட்டம் இல்லை. இலங்கையின் குடிவரவுத் திணைக்களமும் துறைமுக அதிகார சபையும் உட்கார்ந்து பேசினால் முடிகிற ஏற்பாடு இது. அடுத்த பருவத்துக்குச் சீட்டு எடுக்கப் போகும்போது இன்னொரு சுற்றுக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள், நடுவில் இறங்கி ஏறும் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.